பட்டன் பால் வாளியில் விழுந்த நாள்

சிரம்பானில் நான் வேலை பார்த்த நாய் டாக்டர் கிளினிக்கில் புதிதாக ஒரு மிஷின் வந்திருக்கிறதாம். கண்ணாடிப் பெட்டி மாதிரி இருக்குமாம். குளித்த நாயை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினால் நாலு பக்கமும் சூடான காற்று அடித்துக் காய வைத்துவிடும், நாம் கையே வைக்க வேண்டாம் என்று அங்கே இருக்கிற பிள்ளைகள் போனில் சொன்னார்கள். அந்தப் பெட்டி இருபது வருஷம் முன்னால் வந்திருந்தால் என் இடுப்பு பிழைத்திருக்கும் என்றேன். சிரித்தார்கள். அதில் ஒருத்தி கேட்டாள்: "ஆண்ட்டி, இத்தன வருஷத்துல உங்கள ரொம்பப் பாடாப் படுத்துனது எந்த நாய்?"

கடித்த நாயைப் பற்றிச் சொல்வேன் என்று நினைத்திருப்பாள். என் கையில் பல் வைக்காத நாய்ச் சாதி ஏதாவது இருந்தால் அது இன்னும் மலேசியாவுக்கு வரவில்லை என்று அர்த்தம். ஆனால் நான் தரையில் உட்கார்ந்து அழுதது, ஒரு நாளும் யாரையும் கடிக்காத ஒரு நாய்க்கு முன்னால். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை அது. சுங்கை காடுட்டில் மகன் வீட்டில் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறேன், எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். தோட்டத்துப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவள் எழுத்து. தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ரப்பர் தோட்டம் சிரம்பானிலிருந்து சுவாவுக்குப் போகிற பக்கம், பெரிய ரோட்டை விட்டு உள்ளே மூன்று கட்டை, அதாவது மூன்று மைல். நான் சொல்வது அவசரகாலம். கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் இருந்துகொண்டு வெள்ளைக்காரர்களோடு சண்டை போட்ட சமயம். நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, ஒரே ஒரு கேட்டு வைத்திருந்தார்கள். விடியும் வரை ஊரடங்கு. விடிந்ததும் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிற பெண்கள் சேலை மடிப்பு வரை உதறிக் காட்டிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். ஒரு பிடி அரிசி, ஒரு கருவாட்டுத் துண்டு, ஒரு மூடி எண்ணெய் எதுவும் வேலியைத் தாண்டக் கூடாது. காட்டில் இருப்பவர்களுக்குப் போய்விடுமாம். நாங்கள் நடுவில் இருந்தோம். இரண்டு பக்கத்துக்கும் பயந்தோம்.

என் அப்பா தோட்டத்து ஸ்டோரில் பாலை உறைய வைக்கிற வேலை பார்த்தவர். ரப்பர் மரத்துப் பாலைத் தொட்டியில் ஊற்றி, அமில மருந்தை அளந்து கலப்பார். கொஞ்ச நேரத்தில் பால் கட்டியாகிவிடும். அதைத்தான் தகடாக அழுத்திப் புகை போடுவார்கள். மருந்தைத் தொட்ட கையோடு வீட்டுக்கு வருவார். அந்தப் புளித்த வாசனைதான் எனக்கு அப்பா வாசனை. இதை ஏன் சொல்கிறேன் என்று பின்னால் தெரியும். அவர் காய்ச்சலில் இறந்த பிறகு அம்மா மட்டும் பால் வெட்டினார். அம்மாவுக்குக் கொடுத்திருந்த மர வரிசை, நிரை என்போம், காட்டு ஓரமாக இருந்தது. ஒரு காலையில் பக்கத்து நிரையில் வெட்டிக்கொண்டிருந்தவரைக் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அம்மா தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் வீட்டுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்துவிட்டு வருவார். எடுத்துவிட்டு வாயைக் கழுவிக்கொண்டு, மரம் சீவுகிற உளியை எடுத்துக்கொண்டு போவார்.

அப்படி இருந்தபோதுதான் தோட்டத்து ஆபீஸ் கணக்கர் கிராணி ஐயா வந்து, துரை பங்களாவில் மேமுடைய நாயைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வேண்டுமாம் என்றார். பங்களாச் சம்பளத்தில் இரண்டு பேர் சாப்பிடலாம், தோட்டத்தில் வேலை இருந்தால்தான் கிடைக்கிற லயத்து வீடும் நிலைக்கும், அம்மா வேலையை விடலாம். எனக்கு அப்போது இருபது வயது. நாயைக் கல்லால் அடித்துத்தான் பழக்கம். சரி என்று சொல்லிவிட்டேன். அம்மாவின் நிரையை எங்கள் அடுத்த வீட்டு அஞ்சலை அக்கா கேட்டு வாங்கிக்கொண்டார். "எனக்குப் புருஷனும் இல்ல, புள்ளயும் இல்ல. என்னயக் கூட்டிட்டுப் போயி அவனுங்க என்னா செய்யப் போறானுங்க, சமையல் கூடத் தெரியாது" என்று சிரித்தார். நான் பங்களா வேலையை விட்டால் அம்மா மறுபடி காட்டு ஓரத்துக்குத்தான் போக வேண்டும். அந்த நினைப்பு ஒரு நாளும் என்னை விட்டு நீங்கியதில்லை.

பங்களா குன்றின் மேல் இருந்தது. அதற்கும் தனியாக முள்வேலி, மணல் மூட்டை, துப்பாக்கியோடு ஒரு மலாய்க்கார ஸ்பெஷல் போலீஸ். அவர் பெயர் யூசோப். நான் அபாங் என்பேன், அண்ணன் என்று அர்த்தம். நாயைத் தொடுவது அவர்கள் மார்க்கத்தில் கூடாது. அது எதிரே வந்தால் பத்தடி தள்ளி நடப்பார், ஆனால் விரட்டமாட்டார்.

தோட்டத்து மானேஜரான பெரிய துரையின் மனைவியைத்தான் மேம் என்போம். ஒல்லியாக, உயரமாக, சிரிப்பே இல்லாமல் இருப்பார். எந்த நேரமும் தலையில் பட்டு ஸ்கார்ப் இறுக்கிக் கட்டியிருப்பார். புழுக்கமான மத்தியானத்திலும் வீட்டுக்குள்ளும் அதை அவிழ்த்து யாரும் பார்த்ததில்லை. மேமுக்குச் சடை முழங்கால் வரை இருக்குமாம், கண் பட்டுவிடும் என்று மறைக்கிறாராம் என்று லயத்தில் பேசிக்கொள்வார்கள். வெளியே கிளம்பும்போது கையில் தோல் பை இருக்கும். அதில் ஒரு பக்கம் கைத்துப்பாக்கி, ஒரு பக்கம் நாயின் சீப்பு.

மேம் பேசுகிற தமிழ், தோட்டத்துரைகள் புத்தகம் வைத்துப் படிக்கிற தமிழ். எல்லாம் ஏவல்தான். வா, போ, ஊத்து, தொடை, நிறுத்து. ராசம்மா என்ற என் பெயர் வாயில் வராமல் ரோசி ஆக்கிவிட்டார். முதல் நாளே விரலை நீட்டி ஒரு விஷயம் சொன்னார்: "ரோசி. கத்திரி இல்லே. ஒரு முடி வெட்டினா, நீ போ." எனக்கு முன்னால் இருந்த ஆயா, சிக்கு எடுக்க முடியாமல் காதுக்குப் பின்னால் ஒரே ஒரு முடிச்சை வெட்டியிருக்கிறாள். அன்று சாயங்காலமே அனுப்பிவிட்டார்களாம். நாயின் முடியில் அப்படி என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. வெள்ளைக்காரத் திமிர் என்று நினைத்துக்கொண்டேன்.

நாயின் பெயர் பட்டன். என் கை முழத்துக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம். மூக்கிலிருந்து வால் வரை நடு வகிடு எடுத்து இரண்டு பக்கமும் வெள்ளை முடி தரையைத் தொடும். லயத்துப் பிள்ளைகள் பஞ்சு என்பார்கள். மால்டீஸ் என்பது அதன் சாதி என்று எனக்குத் தெரிந்ததே கிளினிக்கில் சேர்ந்த பிறகுதான்.

என் பயிற்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் பட்டன் காதில் ஓர் உண்ணியைப் பார்த்தேன். லயத்து வழக்கப்படி விளக்கிலிருந்து மண்ணெண்ணெய் நனைத்த துணியோடு வந்தேன். மேம் அந்தத் துணியை வாங்கி என் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துக் கட்டினார். "நில்லு" என்றார். நின்றேன். கொஞ்ச நேரத்தில் எரிய ஆரம்பித்தது. அவிழ்த்தபோது தோல் சிவந்திருந்தது. பட்டன் வயிற்று முடியை ஒதுக்கி, ரோஜா நிறத்தில் நரம்பு தெரிகிற தோலைக் காட்டினார். "பாரு" என்றார். அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் நாற்பது வருஷம் நான் எந்த மருந்தையும் முதலில் என் மணிக்கட்டில் தடவிப் பார்க்காமல் ஒரு நாய்க்கும் தடவியதில்லை.

சனிக்கிழமை குளியல். இந்தக் காலத்துப் பிள்ளைகள் நாயை நேரே குழாயடிக்குத்தான் கொண்டுபோகிறார்கள். தப்பு. சிக்கு இருக்கிற முடியில் தண்ணீர் பட்டால் அது இறுகிக் கம்பளித் துண்டாகிவிடும், பிறகு ஆண்டவனாலும் பிரிக்க முடியாது. அதனால் தண்ணீருக்கு முன்னால் ஒரு மணி நேரம் சீப்புத்தான். முடியின் அடியை இடது கையால் பிடித்துக்கொள்ள வேண்டும், தோல் இழுபடக் கூடாது. நுனியிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு விரற்கடையாக மேலே வர வேண்டும். மேம் ஒரு முடிச்சுக்குக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்வார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் இருந்த சாந்தத்தைச் சாமி கும்பிடுகிறவர்கள் முகத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

பிறகு காதில் பஞ்சு. வெதுவெதுப்பான தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்ப்பது. சோப்பை நேரே தேய்க்கக் கூடாது, சீவிப் போட்டு வெந்நீரில் கரைத்து வைத்திருக்க வேண்டும். முதுகில் ஆரம்பித்து, கால், வால் என்று வந்து, முகம் கடைசியில், அதுவும் ஈரத்துணியால் மட்டும். தலையை முதலில் நனைத்தால் நாய் உதறி நம்மைக் குளிப்பாட்டிவிடும். முடி போகிற வாக்கில் மேலிருந்து கீழே உருவ வேண்டும், வட்டமாகத் தேய்த்தால் மறுபடி சிக்குத்தான். மூன்று முறை அலசி, விரலுக்கு நடுவில் முடியை இழுத்தால் கீச்சென்று சத்தம் வர வேண்டும். கடைசியாக ஒரு கோப்பைத் தண்ணீரில் ஒரு கரண்டி காடி, இப்போது வினிகர் என்கிறார்களே அது, கலந்து தலை முதல் வால் வரை ஊற்றுவோம். சோப்புப் பிசுக்குப் போய்ப் பளபளப்பு வரும். காடிப் புட்டி குளியலறை ஜன்னலிலேயே இருக்கும்.

முதல் முறை பட்டனை நான் நனைத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. தண்ணீர் பட்டதும் அத்தனை முடியும் உடம்போடு ஒட்டிக்கொண்டது. உள்ளே இருந்தது ஓர் அணில் அளவு பிராணி. விலா எலும்புகளுக்கு நடுவில் இதயம் துடிப்பது கண்ணுக்குத் தெரிந்தது. இவ்வளவுதானா இது என்று நினைத்தேன். அந்தச் சின்ன உயிர் கழுத்தைத் தூக்கி என் உள்ளங்கையில் முகவாயை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டது. அதற்கு முன் என்னை இந்த உலகத்தில் யாரும் அப்படி நம்பியதில்லை. நாய் என்று அதற்குப் பிறகு என்னால் கல்லை எடுக்க முடியவில்லை.

அந்த நாள் எது என்று கேட்டால் அவசரகாலத்தில் ஒரு சனிக்கிழமை என்றுதான் சொல்வேன். மேமும் துரையும் இரும்புத் தகடு அடித்த வண்டியில் காலையிலேயே சிரம்பான் போய்விட்டார்கள். சமையல்காரரும் கூடப் போய்விட்டார். சாப்பாட்டுச் சாமான் வைக்கிற அறை பூட்டியிருந்தது, சாவி மேமிடம். நாலு மணிக்குத் திரும்புவோம், பட்டன் குளித்துக் காய்ந்து இருக்க வேண்டும் என்று உத்தரவு.

பத்து மணி சுமாருக்குப் பின் வராந்தாவில் பட்டனை வைத்துச் சிக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். காட்டுக்குள் குண்டு போடுகிற விமானம் தலைக்கு மேலே போயிற்று. போகிறது என்று நினைப்பதற்குள் மலைக்கு அந்தப் பக்கம் சத்தம். தரை அதிர்ந்தது. பட்டன் என் மடியிலிருந்து துள்ளியது. வேலிக்கு அடியில் ஒரு மழைத்தண்ணி வாய்க்கால் போகும், அதில் நுழைந்து கீழே ரப்பர் மரங்களுக்குள் ஓடிவிட்டது. கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். யூசோப் அபாங் கேட்டைத் திறந்துவிட்டார்.

அது பால் எடுக்கிற நேரம். பெண்கள் தோளில் வைத்த காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் வாளி தொங்கவிட்டு, கோப்பைகளில் வடிந்த பாலை ஊற்றிச் சேர்த்துக்கொண்டு வருவார்கள். அஞ்சலை அக்கா அன்றைக்கு வாளிகளை ஒரு மேட்டுக்குக் கீழே இறக்கி வைத்திருக்கிறார். மேட்டின் மேலிருந்து குருட்டாம்போக்கில் பாய்ந்த பட்டன் நேராக வாளிக்குள். "வெள்ளப் பாலுல வெள்ள நாயி. ரெண்டு கண்ணும் மூக்கும் மட்டும் தெரிஞ்சிச்சி. பேய்னு நெனச்சி ஓடப் பாத்தேன்" என்று பின்னால் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அப்போது சிரிக்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டு கைகளாலும் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பால் தாரையாக வடிந்தது.

"தண்ணியில போடு புள்ள, காயறதுக்குள்ள" என்றார்.

தூக்கிக்கொண்டு ஓடினேன். குளியலறைத் தொட்டியில் வைத்து வாளி வாளியாக ஊற்றினேன். வெள்ளை வெள்ளையாக ஓடியது. நான் மேம் சொல்லிக்கொடுத்த ஒழுங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். முதுகு, கால், வால். ஓர் அலசல், இரண்டு, மூன்று. தண்ணீர் கிட்டத்தட்டத் தெளிந்துவிட்டது. தப்பித்தோம் என்று நினைத்தேன். அந்த நினைப்பிலேயே, வாராவாரம் செய்கிற கை, ஜன்னல் பக்கம் போய்ப் புட்டியை எடுத்து, காடியைக் கோப்பையில் தாராளமாகவே கலந்து, தலை முதல் வால் வரை ஊற்றிவிட்டது.

வாசனை வந்தது. புளித்த வாசனை. என் அப்பாவின் வாசனை. என்ன செய்துவிட்டேன் என்று அப்போதுதான் தெரிந்தது. மேல்முடியில் இருந்த பால் போயிருந்ததே தவிர, தோலை ஒட்டிய உள்முடியெல்லாம் பால் ஊறி இருந்தது. காடியும் அமிலம்தானே. என் கண் முன்னாலேயே அந்தப் பால் உறைந்தது. தொட்டிப் பாலில் மருந்து கலந்தால் ஆகுமே, அதே மாதிரி. பாலை உறைய வைத்தே பிழைத்தவரின் மகள், ஒரு நாயை ரப்பராக்கிவிட்டேன்.

சீப்பை வைத்தேன், இறங்கவில்லை. முன்னங்கால்கள் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டன. ரப்பர் காயக் காயச் சுருங்கும். பட்டன் ஒரு முறை முனகிவிட்டுப் பேசாமல் இருந்தது. மூச்சு விடும்போது தொண்டையில் விசில் மாதிரி ஒரு சத்தம். நான் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அது செத்துவிடும் என்று அழுதேன். அம்மா மறுபடி காட்டு ஓரத்துக்குப் போவார் என்றும் அழுதேன். எது முதலில் வந்தது என்று கேட்காதீர்கள்.

கேட்டில் பேச்சுக் குரல் கேட்டது. அஞ்சலை அக்கா இன்னும் மூன்று பெண்களோடு வந்து நின்றார். நாய் என்ன ஆயிற்று என்று பார்க்க வந்திருக்கிறார்கள். பால் வெட்டுகிறவர்கள் பங்களா வேலிக்குள் வரக் கூடாது என்று உத்தரவு.

"தா போலே, முடியாது அக்கா. துரை பாத்தா என் வேல போச்சி லா" என்று யூசோப் அபாங் துப்பாக்கியைக் குறுக்கே பிடித்தார்.

நான் பட்டனை ஏந்திக்கொண்டு கேட்டுக்கு ஓடினேன். அஞ்சலை அக்கா அதைத் தொட்டுப் பார்த்தார். "காடிய ஊத்துனியா? பாவி. ஒங்கப்பன் இருந்தா ஒன்னய உரிச்சிருப்பாரு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இது எண்ணெயிலதான் வுடும். தேங்காண்ணெய் வச்சி ஊறப்போட்டு உருவணும். நம்ம தலையில பால் கொட்டுனா எடுக்கறோம்ல, அந்த மாரி" என்றார்.

எண்ணெய்க்கு எங்கே போவது? சாமான் அறை பூட்டு. லயத்தில் எண்ணெய் உண்டு, ஆனால் ஒரு மூடி கூட லயத்துக் கேட்டைத் தாண்டாது. அதைச் சொன்னேன். அஞ்சலை அக்கா என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்தார். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார். கொண்டையையும் அவிழ்த்தார். மற்ற மூன்று பேரும் அவிழ்த்தார்கள். பால் தெறித்தால் முடியில் ஒட்டாமல் இருக்க, விடிகாலையில் தலை நிறைய எண்ணெய் வழிய வழியத் தேய்த்துக்கொண்டுதான் எங்கள் பெண்கள் வேலைக்குப் போவார்கள். தலைத்துணி பிழிந்தால் எண்ணெய் சொட்டும். லயத்து வேலியில் மடியைச் சோதித்தார்கள், இடுப்பைச் சோதித்தார்கள். எண்ணெய் அவர்கள் தலைமேலேயே வெளியே வந்திருந்தது.

யூசோப் அபாங் பட்டனைப் பார்த்தார். அந்த விசில் சத்தத்தைக் கேட்டார். கேட்டை அகலத் திறந்துவிட்டு, "நான் ஒன்னும் பாக்கல" என்று சொல்லி மலைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

நாலு பெண்கள் மேமின் குளியலறையில் தரையில் உட்கார்ந்தார்கள். தலைத்துணிகளை வெந்நீர் ஆவியில் காட்டி, சூடோடு பட்டனைச் சுற்றினார்கள். உள்ளங்கைகளைத் தங்கள் தலையில் அழுத்தி வழித்து, அந்த எண்ணெயை அதன் மேல் பூசினார்கள். மறுபடி வழித்தார்கள், மறுபடி பூசினார்கள். எண்ணெய் இறங்கினதும் ரப்பர் கொழகொழவென்று இளகியது. அதைக் கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டி, முடியின் வாக்கிலேயே நுனி வரை உருவி எடுத்தார்கள். முடியின் அடியை இடது கையால் பிடித்துக்கொண்டார்கள், தோல் இழுபடவில்லை. மேம் எனக்கு மாதக்கணக்கில் கற்றுக்கொடுத்ததை இவர்கள் யாரிடம் கற்றார்கள் என்று நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உளி பிடித்துக் காய்த்துப்போன விரல்கள் அவை. பூத்தொடுப்பதைவிட மெதுவாக வேலை செய்தன. பட்டன் அசையவில்லை. கண்ணைத் திறந்து ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டே இருந்தது.

வெந்நீர் தீர்ந்துபோயிற்று. சமையல் குசினியிலிருந்து வாளியோடு யாரோ வருகிற சத்தம் கேட்டுத் திரும்பினால் யூசோப் அபாங். பத்தடி தள்ளி நடக்கிற மனிதர், கதவு நிலை வரை வந்து வாளியை வைத்துவிட்டுப் போனார். அப்படி எத்தனையோ முறை வந்தார்.

கால்கள் விடுபட்டன. முதுகு விட்டது. ஆனால் கழுத்தைச் சுற்றி இருந்தது மட்டும் இளகவில்லை. அங்கேதான் பால் அதிகம் தேங்கியிருந்தது, நான் காடியை ஊற்றியதும் அங்கேதான் அதிகம். ஒரு வளையம் மாதிரி இறுகிக்கொண்டே வந்தது. பட்டனின் நாக்கு நீலமாயிற்று.

"வெட்டு புள்ள" என்றார் அஞ்சலை அக்கா.

"வெட்டுனா வேல போயிரும்க்கா. அம்மா..."

"தெரியும். வெட்டு."

மேமின் தையல் பெட்டியிலிருந்து கத்திரியை எடுத்து வந்தேன். வளையத்துக்கும் தோலுக்கும் நடுவில் இடமே இல்லை. இடது கை விரல் இரண்டை எண்ணெயில் நனைத்து மெல்ல மெல்ல உள்ளே நுழைத்தேன். கத்திரியின் அலகை அந்த விரல்களின் மேலேயே வைத்தேன். தவறினால் என் விரலில் பட வேண்டும், அதன் தோலில் படக் கூடாது. பட்டது. ரத்தம் வந்தது. நான் கையை எடுக்கவில்லை. வளையம் பட்டென்று விட்டது. கழுத்து முடி மொத்தமும், அதோடு முகவாய்க்குக் கீழே இருந்த அழகான தாடியும் ஒரே துண்டாகக் கையோடு வந்தன. பட்டன் நெஞ்சு நிறைய ஒரு மூச்சை இழுத்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அங்கே இருந்த எல்லாருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு மூச்சு இவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அதுவரை தெரியாது. அந்தத் தழும்பு இன்னும் என் விரலில் இருக்கிறது.

மீதியை உருவி, சோப்புத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தபோது வண்டிச் சத்தம் கேட்டது. ஓடிப்போக நேரம் இல்லை. துரை வண்டியிலிருந்து அப்படியே ஆபீஸுக்குப் போய்விட்டார். மேம் மட்டும் உள்ளே வந்தார். குளியலறை வாசலில் நின்றார். தரை முழுக்க எண்ணெய், ரப்பர்ச் சுருள், தலைவிரி கோலமாக நாலு பெண்கள், நடுவில் கழுத்தில் முடியே இல்லாத ஒரு நாய்.

நான் எழுந்து நின்றேன். வெட்டிய துண்டை இரண்டு கையிலும் வைத்து நீட்டினேன். "நான்தான் வெட்டினேன் மேம். காடிய ஊத்துனதும் நான்தான். இவங்க காப்பாத்துனாங்க. இவங்கள ஒன்னும் சொல்லாதீங்க" என்றேன். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் விரலில் ரத்தத்தைப் பார்த்தார். குனிந்து பட்டனைத் தூக்கி, கழுத்தில் காதை வைத்து மூச்சைக் கேட்டார். வெகு நேரம் கேட்டார். பிறகு அதை என் கையிலேயே கொடுத்தார்.

கொடுத்துவிட்டு, தலையில் கட்டியிருந்த ஸ்கார்பை அவிழ்த்தார்.

முழங்கால் வரை சடை என்று லயத்தில் சொன்னார்களே, அங்கே முடியே இல்லை. உச்சியெல்லாம் வழுக்கை, பின்னால் அங்கங்கே நரைத்த சில கொத்து. அவருக்கு நாற்பது வயது கூட இருக்காது. எங்கள் யாருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"ஜப்பான்காரன். காம்ப்" என்றார் மேம். தமிழ் வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தார். "பேன். கத்திரி. எல்லாம் வெட்டு. அப்புறம் காய்ச்சல்." பட்டனைக் காட்டினார். "அது வளரும்." தன் தலையைத் தொட்டார். "இது வளரல்லே."

ஜப்பான்காரர் காலத்தில் வெள்ளைக்காரப் பெண்களைச் சிறை முகாமில் அடைத்து வைத்திருந்தது எங்களுக்கும் தெரியும். அந்த நாயின் முடியில் அப்படி என்ன இருக்கிறது என்று நினைத்தேனே, அது எனக்கு அப்போது தெரிந்தது. நான் வெட்கத்தில் தலை குனிந்தேன்.

மேம் அந்தப் பெண்களைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் படித்த புத்தகத்தில் அதற்கு வார்த்தை இல்லை போலிருக்கிறது. கடைசியில் அவருக்குத் தெரிந்த ஏவலிலேயே சொன்னார்: "உக்காரு." எழுந்து நின்றிருந்தவர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். அவரும் தன் வெளுத்த கவுனோடு அந்த எண்ணெய்த் தரையில் அவர்களோடு உட்கார்ந்தார்.

அஞ்சலை அக்கா மேமின் தலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். லயத்தில் எந்தப் பெண்ணுக்கு என்றாலும் என்ன செய்வாரோ அதைத்தான் செய்தார். யாரையும் கேட்கவில்லை. நகர்ந்து பின்னால் போய் உட்கார்ந்து, தன் தலையில் இரண்டு உள்ளங்கையையும் அழுத்தி, மிச்சம் இருந்த எண்ணெயை வழித்து, மேமின் உச்சந்தலையில் வைத்தார். இன்றைக்கு எங்கள் எல்லாருக்கும் வேலை போயிற்று என்று நினைத்தேன். மேமின் தோள்கள் விறைத்தன. அஞ்சலை அக்காவின் கை நிற்கவில்லை, மெதுவாக வட்டம் போட்டுத் தேய்த்தது. "சூடு ஏறிக் கெடக்கு, எத்தன வருஷமா எண்ணெ படலையோ" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். கொஞ்சம் கொஞ்சமாக மேமின் தோள்கள் இறங்கின. முகவாய் தணிந்தது. கண்ணை மூடிக்கொண்டார். என் உள்ளங்கையில் பட்டன் முதல் குளியலில் கண்ணை மூடிக்கொண்டதே, அதே மூடல். வாசலில் வெந்நீர் வாளியோடு வந்த யூசோப் அபாங் சத்தமில்லாமல் திரும்பிப் போனார்.

என்னை யாரும் போ என்று சொல்லவில்லை. அம்மாவும் காட்டு ஓரத்துக்குப் போகவில்லை. அடுத்த வாரம் அஞ்சலை அக்காவின் பெயர் அந்த நிரையிலிருந்து எடுக்கப்பட்டு, வேறு நிரை, சனிக்கிழமைகளில் பங்களா வேலை என்று மாறியது. என்ன வேலை என்று கிராணி ஐயா கேட்டதற்கு, எண்ணெய் தேய்க்கிற வேலை என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

பிறகு எத்தனையோ நாய்களைக் குளிப்பாட்டினேன். துரையும் மேமும் சீமைக்குத் திரும்பினார்கள், நான் சிரம்பானுக்கு வந்தேன், டாக்டரிடம் சேர்ந்தேன். அந்தத் தையல் பெட்டிக் கத்திரியை மேம் போகும்போது என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதையெல்லாம் எழுதினால் நீண்டுவிடும்.

பட்டனுக்கு ஆறேழு மாதத்தில் தாடி கூட வளர்ந்துவிட்டது. மேமுக்கு ஒரு முடியும் புதிதாக வளரவில்லை. ஆனால் வீட்டுக்குள் அவர் அந்த ஸ்கார்பை அதற்குப் பிறகு கட்டவில்லை.